இருபத்தேழு உடைந்த பெஞ்சுகள்

"நல்ல பெஞ்சு அஞ்சையும் அப்படியே விட்டுட்டான். உடைஞ்ச பெஞ்சு இருபத்தேழையும் தூக்கிட்டுப் போயிட்டான்," என்றார் தலைமையாசிரியை.

"தொழிலுக்குப் புதுசா இருப்பான்," என்றேன் நான்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். ஒருத்தி என் அப்பாவின் தங்கையான இந்த அத்தை. எரிந்துபோனதாகச் சொல்லப்படும் கடைகள் நிஜமாகவே எரிந்தனவா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் முகர்ந்து பார்த்தவள். இன்னொருத்தன் நான். சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம் இருந்த பிறகு, சட்டமும் நானும் மனக்கசப்பு இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதனால் அத்தை எனக்கு வைத்திருக்கும் பெயர் அரை வக்கீல். வெளியாட்கள் முன்னால் நான் அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. வகுப்பறையில் ஐம்பத்தோரு பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் குப்புறக் கவிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மீதி இருந்த ஐந்து பெஞ்சுகளில் முதல் வகுப்புப் பொடிசுகள் பத்துப் பேர் மகாராஜாக்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்பலேர்ந்து காணோம்?" என்றாள் அத்தை.

"ரெண்டு மாசமா. போன வருஷமும் இதே மாதிரி காணாமப் போச்சு. ஆனா ஆய்வு முடிஞ்ச மறுநாள் வராண்டால அடுக்கி வெச்சிருந்தது."

"திருப்பிக் குடுக்கற திருடனா? எங்க வீட்டுக்கு ஒருதரம் அனுப்பி வைங்களேன்," என்றேன்.

"எந்த ஆய்வு?" என்றாள் அத்தை, நான் பேசியதே காதில் விழாதது போல.

தலைமையாசிரியை விளக்கினார். நகரசபையின் கல்விக் குழு வருஷத்துக்கு ஒருமுறை ஒன்பது பள்ளிகளுக்கும் மராமத்து நிதி ஒதுக்குகிறது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய தேவைப் படிவம் என்று ஒன்று உண்டு. ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். உடைந்ததை எண்ணுவார், படம் எடுப்பார், படிவத்தில் எழுதுவார். எவ்வளவு உடைந்திருக்கிறதோ அவ்வளவு நிதி.

"உங்களுக்கு எப்ப வந்தாரு?"

"நேத்துத்தான். பிள்ளைங்க இப்படித்தான் தரையில கிடந்தாங்க. சுத்திப் பார்த்தாரு. 'உடைந்த பெஞ்சுகள்'னு போட்டிருக்கற இடத்துல 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டாரு."

"பெஞ்சே இல்லீங்கன்னு சொல்லலையா?"

"சொன்னேன். அதுக்குப் படிவத்துல இடம் இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை, ஆகவே பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"அறுபது பிள்ளைங்களுக்குக் கீழ போனா நகரசபை பள்ளிக்கூடத்தை மூடிடும். இப்ப அறுபத்தொண்ணு. சலவைக்கடையில வேலை பார்க்கிற ஒரு அம்மாவோட பிள்ளைங்க மூணு பேர் இங்க படிக்கிறாங்க. ஊர்த் துணியெல்லாம் துவைச்சுட்டு வீட்டுக்குப் போனா, தரையில உட்கார்ந்த மூணு பேர் சீருடையையும் திரும்பத் துவைக்க வேண்டியிருக்காம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள பெஞ்சு வரலேன்னா மூணு பேர் சர்டிபிகேட்டையும் வாங்கிக்கிட்டு வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

அறுபத்தொன்றில் மூன்று போனால் ஐம்பத்தெட்டு. சட்டம் தெரியாவிட்டாலும் கணக்கு எனக்குத் தெரியும்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"உடைஞ்ச பெஞ்சுதானே, போய்த் தொலையட்டும்னு சொல்லிட்டாங்க. ஆனா நாங்க செங்கல் முட்டுக் குடுத்து அதுலதான் உட்கார்ந்திருந்தோம், மேடம். உடைஞ்சிருந்தாலும் அது பெஞ்சு."

அத்தை எழுந்து மூலைக்குப் போனாள். அங்கே செங்கற்கள் இடுப்பு உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"இதை யார் அடுக்கினது?"

"தெரியலை. பெஞ்சு போன அன்னிக்கே இப்படித்தான் இருந்தது. பூட்டும் உடையலை."

"அரை வக்கீல், உட்கார்றதுக்குப் பெஞ்சைத் திருடறவன் செங்கல்லை விட்டுட்டுப் போவானா?"

"போகமாட்டான். முட்டு இல்லாம அதுல உட்கார முடியாது."

"அப்ப உட்கார்றதுக்காக எடுக்கலை. முட்டுக் குடுத்தா உடைஞ்சது தெரியாது. உடைஞ்சு தெரியணும்னு எடுத்திருக்கான்." தலைமையாசிரியையிடம் திரும்பினாள். "உங்க பெஞ்சுதான்னு சொல்றதுக்கு ஏதாவது அடையாளம் இருக்கா?"

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு பெஞ்சுல காம்பஸ் முள்ளால ஒரு மீன் செதுக்கியிருக்கும். பெரிய மீன்."

"மீன் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்குமே."

"இது கண்ணாடி போட்ட மீன்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "செதுக்கினவன் இப்ப அஞ்சாவது படிக்கிறான். என்னைத்தான் செதுக்கினானாம்."

நான் மேல்கூரையை ஆராய்ந்தேன். அத்தை மட்டும் கொஞ்சமும் சிரிக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

*

கையில் ஒரு ஃபைலும் முகத்தில் கொஞ்சம் சலிப்பும் இருந்தால் எந்த அலுவலகத்திலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அத்தையிடம் இரண்டும் எப்போதும் தயாராக இருக்கும். நகரசபையின் கல்விப் பிரிவுக்குள் பதினொரு மணிக்கு நாங்கள் சொந்த வீட்டுக்குள் போவது போலப் போனோம்.

நடைவழியில் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. 'இவ்வாண்டின் தேவைகள்' என்ற தலைப்பின் கீழே எட்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளி, அதன் முற்றத்தில் கை கால் முறிந்து கிடக்கும் பெஞ்சுகள், அடியில் எண்ணிக்கை.

"முதல் பள்ளி எத்தனை?" என்றாள் அத்தை.

"இருபத்தேழு."

"ரெண்டாவது?"

"இருபத்தேழு. மூணாவதும் இருபத்தேழு." எட்டையும் படித்து முடித்தேன். "இவ்வளவு ஒத்துமையான ஊரை நான் பார்த்ததே இல்லை, மேடம்."

"மூணாவது படத்துல இடது ஓரம் பாரு."

பார்த்தேன். பலகை ஒன்றில் மீன் ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டு என்னையே கண்டிப்புடன் பார்த்தது. ஐந்தாவது படத்தில் அது வலது ஓரத்துக்கு வந்திருந்தது. ஏழாவதில் மல்லாந்து கிடந்தது. எட்டாவதில் அதன் பின்னால் ஒரு செயற்கை நீரூற்று, வானத்தை நோக்கித் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா! ஒரே பெஞ்சை எட்டுப் பள்ளிக்கூடமும் மாத்தி மாத்திக் காட்டியிருக்கானுங்க. எட்டுத் தலைமையாசிரியர்களும் கூட்டுக் களவாணிங்க."

"குரலைத் தணி. ஆய்வு எப்படி நடக்கும்னு சொன்னாங்க?"

"சொல்லாம கொள்ளாம."

"அப்ப அடுத்தது எந்தப் பள்ளிக்கூடம்னு தலைமையாசிரியர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனா பெஞ்சுக்குத் தெரிஞ்சிருக்கு. எட்டுத் தடவையும் ஆய்வாளருக்கு முன்னாடியே போய்ப் படுத்திருக்கு." ஃபைலால் என் தோளைத் தட்டினாள். "பூட்டு உடையலை. எல்லாப் பள்ளிக்கூடச் சாவியிலும் ஒண்ணு நகரசபையில இருக்கும். அடுத்து எங்க போகப்போறோம்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான்."

எனக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அத்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவளுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

*

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். மேஜைமேல் ஒன்பது தேவைப் படிவங்கள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. பக்கத்தில் கேமரா. மாலை நான்கு மணிக் கூட்டத்துக்காக எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி," என்றபடி உட்கார்ந்தாள் அத்தை. "செங்கல்லை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

ஆய்வாளர் நிமிர்ந்தார். "செங்கல் நகரசபைச் சொத்து இல்லீங்களே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் மறுக்கவில்லை.

"பெஞ்சு நகரசபையோடது. ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு நகர்த்த எனக்கு அதிகாரம் உண்டு. செங்கல் யாரோடதுன்னு பதிவேட்டுல இல்லை. அதை எடுத்தா திருட்டாயிடும்."

"கொள்கையுள்ள மனுஷன்," என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க, தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் நேர்மையா எண்ணினேன். ஊர் முழுக்க உடைஞ்சது அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கற இருபத்தேழுதான். மத்த இடத்துல பெத்தவங்களே சரிபண்ணிட்டாங்க. குழுவுல என்ன சொன்னாங்க தெரியுமா? இருநூறாவது உடைஞ்சிருந்தாத்தான் திட்டம், இல்லேன்னா ரத்துன்னாங்க. அந்த இருபத்தேழுக்கு நிதி வாங்கணும்னா எனக்கு இருநூறு வேணும்."

"அதனால இருபத்தேழை எட்டுத் தடவை எண்ணினீங்க."

"இருநூத்துப் பதினாறு," என்றார் கொஞ்சம் பெருமையாகவே. "வெள்ளிக்கிழமைதான் எனக்கு லாரி கிடைக்கும். வாரம் ஒரு பள்ளிக்கூடம். ஒடிஞ்ச காலெல்லாம் தொலைஞ்சுடக் கூடாதுன்னு அந்தந்தப் பெஞ்சோடவே கயிறு போட்டுக் கட்டினேன். தலைமையாசிரியர்கள் கேட்டா, கிடங்குல இடமில்லை, ஒரு வாரம் இருக்கட்டும்னு சொல்லுவேன். கடைசியில பெஞ்சை அதோட சொந்த இடத்துக்கே அனுப்பிட்டு, அங்க ஆய்வுக்குப் போகணும்னு திட்டம். இந்த வருஷம் பார்த்து கூட்டத்தை ஒரு வாரம் முன்னாடி போட்டுட்டாங்க."

"போன வருஷம்?"

"லாரி பஞ்சர்."

"சரி, நேத்து நீங்க அங்க போனீங்களே," என்றாள் அத்தை. "பெஞ்சு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. உடைஞ்சது இருபத்தேழுன்னு எழுத வேண்டியதுதானே?"

ஆய்வாளர் நெஞ்சில் கை வைத்தார். "நான் போனப்ப அங்க இல்லையே, மேடம்! கண்ணால பார்க்காததை எப்படி எழுதறது? பொய் எழுத எனக்கு வராது."

அத்தையுடன் இருந்த ஆறு வருஷத்தில் திருடர்களைப் பார்த்திருக்கிறேன், மோசடிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். யார்மேலும் இவ்வளவு கோபம் வந்ததில்லை. இந்த மனிதர் காசு பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு பைசா வாங்காமல், நல்ல எண்ணத்தோடு, ஐம்பத்தோரு பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்திருந்தார்.

"எந்திரிங்க," என்றாள் அத்தை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. லாரி எங்க?"

*

எட்டாவது பள்ளி நகரத்தின் மாதிரிப் பள்ளி. வாசலில் அந்த நீரூற்று. போன வருஷத்துப் பெஞ்சு நிதியில் கட்டியதாம். கேட்டபோது ஆய்வாளர் வேறு பக்கம் பார்த்தார்.

பெஞ்சுகள் தச்சுப் பட்டறையின் பின்னால் இருப்பதாகச் சொன்னார்கள். காதில் பென்சிலும் தலையெல்லாம் மரத்தூளுமாக ஒரு பெண் எதிரே வந்தார். அந்தப் பள்ளியின் தச்சுவேலை ஆசிரியை.

"எடுத்துட்டுப் போக வந்தீங்களா? வார்னிஷ் இப்பத்தான் காஞ்சது. பார்த்துத் தூக்குங்க."

"என்ன வார்னிஷ்?" என்றார் ஆய்வாளர்.

கொட்டகைக்குள் இருபத்தேழு பெஞ்சுகள் நான்கு காலில் நின்றன. ஒடிந்த காலெல்லாம் ஆப்பு வைத்து, இரும்புப் பட்டை போட்டு, ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருந்தன. பலகைகள் இழைக்கப்பட்டுப் பளபளத்தன.

"திங்கட்கிழமை நீங்க படம் எடுத்துட்டுப் போனீங்களா? அன்னிக்கே ஆரம்பிச்சுட்டோம். எழுபது பிள்ளைங்க, நாலு நாள். எவ்வளவு நாள்தான் வெறும் பலகையில கிளிப் பொம்மையா அறுத்துக்கிட்டிருப்பாங்க, பாவம்? யாரோ புண்ணியவான் ஒவ்வொரு காலையும் அதோட பெஞ்சுலயே கட்டி வெச்சிருந்தாரு. இல்லேன்னா முடிஞ்சிருக்காது." ஒரு பெஞ்சைத் தடவிக் காட்டினார். "இந்த மீனை மட்டும் இழைக்க மனசு வரலை. யாரோ டீச்சர் மாதிரி இருக்கு."

ஆய்வாளர் அந்தப் பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அது ஆடக்கூட இல்லை.

"போச்சு! ஊரோட மொத்தத் தேவையையும் அழிச்சுட்டீங்களேம்மா!"

தச்சு ஆசிரியை என்னைப் பார்த்தார். "இவருக்கு உடம்புக்கு ஏதாவது?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்லீங்க," என்றேன்.

*

லாரி எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். இறக்கிவைக்க யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் எறும்பு மாதிரி மொய்த்துத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் போட்டார்கள்.

அப்போதுதான் ஆய்வாளர் லாரியிலிருந்து இறங்கினார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியையின் பக்கத்தில் போய்ச் சன்னமாகப் பேசினார்.

"டீச்சர், இன்னும் நேரம் இருக்கு. பட்டையைக் கழட்டினா காலும் கழண்டுடும். கழட்டிப் போட்டு ஒரே ஒரு படம். அப்புறம் மாட்டிக்கலாம். என் கண்ணால பார்த்தா நான் எழுதுவேன். இந்த வருஷம் உங்களுக்கு நிதி நிச்சயம். கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்களே."

தலைமையாசிரியையின் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அவருக்கு வரவேண்டியது அது. உண்மையைச் சொன்னால், ஸ்க்ரூ டிரைவரைத் தேடி என் கையும் பைக்குள் போயிருந்தது. அத்தை மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்க," என்றார் தலைமையாசிரியை கடைசியில். "நீங்களே போய் எழுந்திருக்கச் சொல்லுங்க."

ஆய்வாளர் உள்ளே போனார். பிள்ளைகள் சடாரென்று எழுந்து "வணக்கம் ஐயா" என்று கத்தினார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள், வேறு யாரும் இடத்தைப் பிடித்துவிடக் கூடாதே என்று அதே வேகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் யாரையும் எழுப்பவில்லை. பிறகு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து மற்ற எட்டுப் படிவங்களையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் இருபத்தேழை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

"எட்டுப் படத்தையும் கூட்டத்துல பக்கத்துல பக்கத்துல வைங்க," என்றாள் அத்தை. "வைக்கலேன்னா நான் வந்து வைப்பேன்."

அவர் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். குழு அந்தப் படங்களை அரைமணி நேரம் பார்த்ததாம். கடைசியில், ஒரே நாளில் இருநூற்றுப் பதினாறு உடைந்த பெஞ்சுகளை ஒழித்துக்கட்டியதற்காக ஆய்வாளருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுப்பது என்றும், தேவையே இல்லாத ஊருக்குத் திட்டம் எதற்கு என்று அதை ரத்து செய்வது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மீனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

அதெல்லாம் நான்கு மணிக்கு மேல். மூன்று மணிக்குச் சலவைக்கடை அம்மா வந்துவிட்டார். முழங்கைவரை சோப்பு நுரை காய்ந்திருந்தது. நேராக வகுப்புக்குள் போய், தன் நடுப் பிள்ளை உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு அழுத்திப் பார்த்தார். பெஞ்சு அசையவில்லை. பிள்ளை வெட்கத்தில் நெளிந்தான்.

தலைமையாசிரியையிடம் வந்தார். "இது திங்கட்கிழமையும் இருக்குமா?"

தலைமையாசிரியை வாசல் படியில் இருந்த ஆய்வாளரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"தெரியாதும்மா. இன்னிக்கு இருக்கு."

ஒரு சின்னப் பொய், அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்குப் பட்டது.

அந்த அம்மா மேஜைமேல் தயாராக இருந்த தன் விண்ணப்பத்தை எடுத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும். வேலைக்குப் போற வழிதான், தினமும் வந்து பார்த்துட்டுப் போறேன். ஒண்ணு குறைஞ்சாலும் உங்ககிட்ட வரமாட்டேன், நகரசபைக்கு நேரா போயிடுவேன்."

இதைச் சொல்லும்போது அவர் பார்த்தது ஆய்வாளரை. ஆய்வாளர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குத் தலைமையாசிரியை பள்ளிக்கு வந்தபோது அந்த அம்மா ஏற்கெனவே வாசலில் காத்திருந்தாராம். கதவைத் திறக்கச் சொல்லி, இருபத்தேழையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் வேலைக்குப் போனாராம்.